பின் வரிசைப் பெட்டி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன்னால் என்னை எழுப்பி காசிமேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான் என் மச்சான். அவனுக்கு ஒரு கொள்கை. மீனைக் கடையில் வாங்குகிறவன் ஏமாளி, துறைமுகத்தில் வாங்குகிறவன் புத்திசாலி. பெட்ரோல், பார்க்கிங், வழியில் இரண்டு டீ, ஒரு பிளேட் போண்டா எல்லாவற்றையும் கூட்டி, பி.காம். படித்த பாவத்துக்கு நான் கணக்குச் சொன்னால், "ஃப்ரெஷ்ஷுக்கு ஏது மாப்ளே கணக்கு?" என்பான்.

காசிமேடு என்பது மீன் மார்க்கெட் இல்லை, மீன் மாநாடு. சங்கரா, பாறை, நெத்திலி, காரப்பொடி, வவ்வால், கிழங்கான், திருக்கை, கணவாய், நண்டு. எனக்குப் பெயர் தெரிந்தது இவ்வளவுதான். பெயர் தெரியாமல் கூடையில் என்னை முறைத்துக்கொண்டிருந்தவை இதைப்போல் மூன்று மடங்கு.

மச்சான் வஞ்சிரத்துக்கு விலை கேட்டான். கூடைக்காரம்மா சொன்னார். இவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாம்மா இது, தங்கம் மாதிரி சொல்றே? அடுத்த மாசமாவது குறையுமா?"

"அத்த என்னாண்ட கேட்டா? கடலாண்ட போயி கேளு. உள்ளாற எவ்ளோ கீதுன்னு அதுக்குத்தான் தெரியும்."

மச்சான் சிரித்துவிட்டு பேரத்தைத் தொடர்ந்தான். நான் அங்கேயே நின்றுவிட்டேன். உள்ளே எவ்வளவு இருக்கிறது? யாராவது கடலைக் கேட்டிருக்கிறார்களா? கேட்டால் அது பதில் சொல்லுமா?

காமர்ஸ் பாஷையில் இதற்குப் பெயர் ஸ்டாக் டேக்கிங். அதில் எனக்குக் கொஞ்சம் பூர்வ ஜென்ம அனுபவம் உண்டு.

*

டிகிரி முடித்த கையோடு ஓர் ஆடிட்டர் ஆபீசில் எடுபிடியாக இருந்தேன். ஒரு வருஷக் கடைசியில், ஊருக்கு வெளியே ஒரு சோப்பு கம்பெனி கோடவுனுக்குப் போய் சரக்கைச் சரிபார்த்து வரச் சொன்னார்கள். கதவைத் திறந்தால் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி. புத்தகப்படி 412 பெட்டி.

"எல்லாத்தையும் பிரிக்க முடியாது. பத்து பெட்டி பிரிச்சுப் பாரு. பத்தும் சரின்னா மீதியும் சரி" என்று சீனியர் சொல்லி அனுப்பியிருந்தார். சாம்பிள் எடுப்பது என்பது இதுதான். ஒரு பருக்கை சமாசாரம்.

பத்து பிரித்தேன். எந்தப் பத்து? கைக்கு எட்டிய பத்து. முன் வரிசை, இடுப்பு உயரம். பத்திலும் சோப்பு மணத்தது. லோடு மேஸ்திரி ஒரு பெரியவர். பக்கத்திலேயே நின்றிருந்தவர் மெதுவாக, "தம்பி, பின் வரிசையிலயும் ஒண்ணு ரெண்டு பிரிச்சுப் பாருங்களேன்" என்றார். அப்போது மணி ஒன்றரை. மானேஜர் ரூமில் பிரியாணி பொட்டலம் வந்து இறங்கியிருந்தது. அந்த மணம் சோப்பு மணத்தை ஜெயித்துவிட்டது. "ஸ்டாக் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மிச்சக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது கடலுக்கு வாருங்கள்.

*

கரையைத் தாண்டியதும் கடல் சட்டென்று பாதாளத்தில் விழுந்துவிடுவதில்லை. வீட்டுக்கு முன்னால் திண்ணை இருக்கிற மாதிரி, கண்டத்துக்கும் ஒரு திண்ணை உண்டு. கண்டத்திட்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மெள்ளச் சரிந்துகொண்டே போய் சுமார் 200 மீட்டர் ஆழத்தில் முடியும். மும்பை பக்கம் திண்ணை அகலம், சென்னை பக்கம் ஒடுக்கம். உலகத்துக் கடல் பரப்பில் இந்தத் திண்ணைகள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நாம் பிடிக்கிற மீனில் பெரும்பகுதி இங்கேதான். வெயில் கொஞ்சம் உள்ளே இறங்கும், ஆறுகள் சத்தைக் கொண்டுவந்து கொட்டும், அடியிலுள்ள சத்து மேலே கலக்கும். மீனுக்கு அன்னதான சத்திரம்.

இந்தச் சத்திரத்தில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று எப்படி எண்ணுவது? மீனை எண்ணுவது காட்டில் மரத்தை எண்ணுகிற மாதிரிதான், என்ன, மரம் கண்ணுக்குத் தெரியாது, நடந்துகொண்டே இருக்கும் என்று மீன் விஞ்ஞானிகள் மத்தியில் ஒரு ஜோக் உண்டு.

வழி இதுதான். முதலில் திண்ணையை ஆழத்தை வைத்துப் பகுதி பகுதியாகப் பிரிக்கிறார்கள். 50 மீட்டர் வரை ஒன்று, 50லிருந்து 100 வரை ஒன்று, இப்படி. ஆழம் மாறினால் குடியிருக்கிற மீனும் மாறும். பிறகு ஒவ்வொரு பகுதியிலும் சில இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கப்பல் அந்த இடத்துக்குப் போய் இழுவலையைப் போடும். வலையின் வாயைத் திறந்து வைக்க இரண்டு பக்கமும் பலகை.

ஐரோப்பாவில் வட கடலைச் சுற்றியுள்ள நாடுகள் சேர்ந்து 1960களில் இருந்து இப்படி ஒரு கணக்கெடுப்பு நடத்துகின்றன. யார் கப்பலாக இருந்தாலும் ஒரே மாடல் வலை, ஒரே வேகம், வழக்கமாக அரை மணி நேர இழுப்பு என்பதுதான் அங்கே ஏற்பாடு. கொடி வேறு, அளவுகோல் ஒன்று.

நம் கணக்கு ஒன்று போடுவோம். மணிக்கு நான்கு கடல் மைல் வேகத்தில் அரை மணி இழுத்தால் 3.7 கிலோமீட்டர். வலையின் வாய் 20 மீட்டர் அகலம் என்று வையுங்கள். ஆக, கடலடியில் 74,000 சதுர மீட்டரைப் பெருக்கியாயிற்று. வலையில் 74 கிலோ மீன் வந்தால், சதுர கிலோமீட்டருக்கு ஒரு டன். இதைப் பகுதியின் பரப்பால் பெருக்கி, எல்லாப் பகுதியையும் கூட்டினால் மொத்தம். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

வலைக்கு மேலே நீந்துகிறவன், பக்கவாட்டில் நழுவுகிறவன், கண்ணி வழியே தப்புகிற பொடியன் எல்லாரும் இதில் விட்டுப்போவார்கள். பரவாயில்லை. இந்த வருஷம் விட்டுப்போன மாதிரியே அடுத்த வருஷமும் விட்டுப்போனால், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். தினம் ஒரே தராசில் ஏறி நின்றால், தராசு இரண்டு கிலோ பொய் சொன்னாலும் நீங்கள் குண்டாகிறீர்களா என்பது தெரிகிற மாதிரி. தராசை மாற்றக்கூடாது, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது அந்தச் சீட்டுக் குலுக்கல்தான். சீட்டில் வந்த இடத்தைப் பார்த்து, மீன் பிடித்துப் பழகின எந்தக் காப்டனுக்கும், 'அங்கே ஒரு மீனும் கிடையாதே, வேறு இடம் போகலாமே' என்று சொல்ல வாய் துறுதுறுக்கும். போகக்கூடாது. சீட்டு சொன்ன இடத்தில்தான் வலை. வெறும் வலை வந்தால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். மீன் பிடிக்கப் போகிறவனுக்குப் பூஜ்யம் நஷ்டம். மீனை எண்ணப் போகிறவனுக்குப் பூஜ்யமும் சரக்கு.

*

வலை மேலே வந்தபிறகுதான் நிஜமான வேலை. ஜாதிவாரியாகப் பிரித்து, எண்ணி, எடை போட்டு, ஒவ்வொன்றாகப் பலகையில் கிடத்தி நீளம் அளக்கிறார்கள். சிலவற்றின் தலையைப் பிளந்து உள்ளேயிருக்கிற காதுக் கல்லை எடுக்கிறார்கள். குளிர்க் கடல் மீனின் காதுக் கல்லில், மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி, வருஷத்துக்கு ஒரு வளையம். மீன் வயசை மறைக்க முடியாது.

எடை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். இரண்டு கூடை. இரண்டிலும் நூறு மீன், இரண்டிலும் ஐந்து ஜாதி. முதல் கூடையில் ஜாதிக்கு இருபது. இரண்டாவதில் ஒரே ஜாதி 96, மற்ற நாலும் ஆளுக்கு ஒன்று. இரண்டும் ஒன்றா? முதலாவது கூட்டுக் குடும்பம். இரண்டாவது, ஒரு எசமானும் நாலு விருந்தாளியும். இதை எண்ணால் சொல்ல ஒரு சூத்திரம் இருக்கிறது. கண்டுபிடித்தவர் மீன்காரர் இல்லை, அமெரிக்காவில் டெலிபோன் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த கிளாட் ஷானன். செய்தி அனுப்புவதைப் பற்றி 1948ல் எழுதினதை உயிரியல்காரர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள். நம் முதல் கூடைக்கு அது தருகிற மார்க் 1.61. இரண்டாவதற்கு 0.22. எடை ஒன்றாக இருக்கும்போதே மார்க் மட்டும் வருஷா வருஷம் சரிந்தால், கடலுக்குள் குடும்பம் பிரிகிறது என்று அர்த்தம்.

சரி, இத்தனை மெனக்கெட்டு எண்ணி என்ன ஆகப்போகிறது? எண்ணினதைத் தப்பாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. ஊர் நியூஃபவுண்ட்லாந்து. கனடாவின் கிழக்கு ஓரம்.

*

1497ல் ஜான் கேபட் அந்தப் பக்கம் கப்பலில் போய் வந்தபோது, கூடையில் கல்லைக் கட்டி இறக்கினாலே மீன் வருகிறது என்று கூடப் போனவர்கள் லண்டனில் வந்து சொன்னார்கள். காட் என்கிற மீன். உப்புப் போட்டுக் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. அந்தத் திண்ணை பிரம்மாண்டமானது. 1883ல் ஹக்ஸ்லி என்ற பெரிய விஞ்ஞானி, காட் மாதிரியான கடல் மீன்களை மனிதன் பிடித்துத் தீர்க்கவே முடியாது என்று லண்டனில் ஒரு மீன் கண்காட்சியில் பேசினார். பெரியவர்கள் பேசினால் சந்தேகப்படுவது மரியாதையில்லையே.

1968ல் அந்தக் கடலில் ஒரே வருஷத்தில் பிடித்த காட் எட்டு லட்சம் டன்னுக்கு மேல். பெரும்பாலும் வெளிநாட்டுக் கப்பல்கள். 1977ல் கனடா, 'கரையிலிருந்து 200 கடல் மைல் எங்களுடையது' என்று கோடு போட்டு அவர்களை வெளியேற்றியது. இனி எல்லாம் சுபம் என்று சொந்தமாகப் பெரிய கப்பல்களை இறக்கினார்கள்.

எவ்வளவு பிடிக்கலாம் என்று தீர்மானிக்க சர்க்கார் கையில் இரண்டு கணக்கு. ஒன்று, விஞ்ஞானிகளின் கப்பல் சீட்டுக் குலுக்கிப் போய் எண்ணுகிற கணக்கு. அது ஒரு வருஷம் ஏறும், ஒரு வருஷம் இறங்கும், பார்க்கவே தலை சுற்றும். இரண்டு, வியாபாரக் கப்பல்கள் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு பிடிக்கின்றன என்கிற கணக்கு. இது அழகாக, நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒத்துப்போகாதபோது நம்ம ஆபீசில் என்ன செய்வோமோ அதையே செய்தார்கள். நடுவாக ஒரு எண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

வியாபாரக் கணக்கு ஏன் ஏறியது? வியாபாரக் கப்பல் சீட்டுக் குலுக்காது. மீன் இருக்கிற இடத்தைக் கருவி வைத்துக் கண்டுபிடித்து அங்கே மட்டும் போகும். காட் குறையக் குறைய, மிஞ்சினவை ஒரு மூலையில் நெருக்கமாகக் கூடிக்கொண்டன. கப்பல் நேரே அந்த மூலைக்குப் போனது. வலை எப்போதும் போல் நிறைந்தது. அந்தக் கணக்கு காட்டினது கடலில் எவ்வளவு மீன் என்பதை இல்லை, காப்டன் எவ்வளவு கில்லாடி என்பதை.

இதையெல்லாம் எந்தக் கருவியும் இல்லாமல் தெரிந்துகொண்டவர்கள் கரையோரத்தில் சின்னப் படகு வைத்திருந்தவர்கள். மீன் கரைக்கு வருவது குறைந்துவிட்டது, வருவதும் சின்னதாக இருக்கிறது என்று 1980களில் கத்தினார்கள். 1986ல் அவர்கள் சங்கம், பல்கலைக்கழக ஆட்களை வைத்து, சர்க்கார் கணக்கு தப்பு என்று அறிக்கையே எழுதி வாங்கிக் கொடுத்தது. படகுக்காரன் பேச்சு, புள்ளிவிவரம் ஆகுமா என்று விட்டுவிட்டார்கள்.

1989ல் விஞ்ஞானிகளே மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்துத் திகைத்தார்கள். இருப்பதை ரொம்ப அதிகமாக மதிப்பிட்டிருந்தது தெரிந்தது. 2,66,000 டன்னாக இருந்த அனுமதியை 1,25,000 டன்னாகக் குறையுங்கள் என்றார்கள். பாதிக்கு மேல் வெட்டினால் ஃபாக்டரி மூடும், ஓட்டு போகும். பேரம் பேசி 2,35,000ல் முடித்தார்கள். கூடைக்காரம்மாவிடம் பேரம் பேசலாம். கடலிடம் எப்படிப் பேசுவது?

1992 ஜூலை 2ஆம் தேதி, மீன் மந்திரி ஜான் கிராஸ்பி காட் பிடிக்கத் தடை அறிவித்தார். முந்தின நாள் சூழ்ந்துகொண்டு திட்டின மீனவர்களிடம், கடலிலிருந்து மீனை எடுத்தது நான் இல்லையே என்று எரிந்து விழுந்தவர் அவர். ஏறக்குறைய 30,000 பேருக்கு ஒரே நாளில் வேலை இல்லை. படகுக்காரர், மீன் வெட்டுகிறவர், ஃபாக்டரியில் பாக்கிங் பண்ணின பெண்கள், கணக்கு எழுதின நம்ம ஜாதி குமாஸ்தா எல்லாரும்தான். அந்த வருஷங்களில் தண்ணீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்ததும் ஒரு காரணம் என்கிறவர்கள் உண்டு. ஆனால் வலை செய்த வேலையைக் குளிரின் தலையில் முழுசாகக் கட்ட முடியாது.

இரண்டு வருஷத்துக்குத்தான் தடை என்றார்கள். 32 வருஷம் நீடித்தது. 2024ல்தான் தடையை நீக்கி, 18,000 டன் பிடித்துக்கொள்ளலாம் என்றார்கள். 1968ன் எட்டு லட்சம் எங்கே, இந்தப் பதினெட்டாயிரம் எங்கே.

காட் போன வீட்டில் நண்டும் இறாலும் பெருகின. அதைப் பிடித்துச் சிலர் நன்றாகவே சம்பாதித்தார்கள். கடல் காலியாகவில்லை, ஆள் மாறிவிட்டது. அதனால்தான் எடையோடு கூடை மார்க்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

*

நம்ம ஊரிலும் எண்ணுகிறார்கள். இந்திய மீன்வள அளவைத் துறை 1946ல் ஆரம்பித்தது. தலைமையகம் மும்பை, சென்னையிலும் ஒரு தளம் உண்டு. அவர்கள் கப்பல் வலை போட்டுப் பார்க்கிறது. 1947ல் தொடங்கின மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய ஆட்கள் துறைமுகம் துறைமுகமாகப் போய், குறிப்பிட்ட நாட்களில், குறிப்பிட்ட படகுகளில் இறங்குகிற மீனைக் குறித்துக்கொள்கிறார்கள். காமர்ஸ்படி சொன்னால், பின்னது பில் புக், முன்னது கோடவுன். பில் புக்கில் விற்பனை ஏறினால் கோடவுனில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை. கோடவுன் காலியாகும்போதும் விற்பனை ஜோராகத்தான் இருக்கும். அதனால் இரண்டும் வேண்டும்.

நம் கடலில் கூடுதல் கஷ்டம் ஒன்று. அங்கே ஒரு காட் மீனைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று இருந்தார்கள். இங்கே ஒரு வலையில் டஜன் கணக்கில் ஜாதி. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகு போகக்கூடாது என்கிறார்களே, அந்த விடுமுறையில் எந்த ஜாதி எவ்வளவு பெருகியது என்று பார்க்கக்கூட அத்தனையையும் அடையாளம் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். எனக்கு ஒன்பது பெயர்தான் தெரியும்.

சரி, கோடவுன் கதை. நான் கையெழுத்துப் போட்டு மூன்றே மாதத்தில் குட்டு உடைந்தது. பின்னால் இருந்த வரிசைகள் எல்லாம் வெறும் அட்டைப்பெட்டி. அதைச் சரக்கு என்று காட்டி பாங்கில் கடன் வாங்கியிருந்தார்கள். கதவுக்கு சீல் வைத்தார்கள். ஆடிட்டர் என்னைத் திட்டினார், நான் வேறு வேலை தேடிக்கொண்டேன். லோடு தூக்கினவர்களுக்கு இரண்டு மாதக் கூலி பாக்கி, அது வரவேயில்லை. ஒரு வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டது சாதாரணமாகத்தான் இருக்கும். எனக்கு அந்தப் பிரியாணி ஞாபகம் வந்தது. இன்றைக்கும் வருகிறது.

அடுத்த ஞாயிறு மச்சானை நானே எழுப்பி காசிமேட்டுக்குக் கூட்டிப்போனேன். அதே கூடைக்காரம்மா. படித்த பெருமையில், "கடலைக் கேக்கச் சொன்னீங்களேம்மா, நிஜமாவே கேக்கறாங்களாம். கப்பல் எடுத்துக்கிட்டுப் போயி, வலை போட்டு எண்ணிப் பாக்கறாங்களாம்" என்றேன்.

அந்தம்மா மீன் வெட்டுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கடல கேட்டாங்க, சர்தான். எங்கள கேட்டாங்களா?"

மச்சான் பேரத்தை ஆரம்பிப்பதற்குள், பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்கம்மா. முதல்லேருந்து சொல்லுங்க."